‘சிஎஸ் கிடைக்குமாண்ணா?’: மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டார மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மழை வந்தால் ஒழுகும் ஒரு ஷீட் கூரை. வருஷத்தில் பாதிக்கு மேல் பட்டா, ஆதார், கரன்ட் பில் என்று ஓடும் கடை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை மட்டும் அது பொறியியல் கலந்தாய்வுக் கடையாகிவிடும். 2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால் பிள்ளையும் அப்பாவும் ராத்திரி பஸ் ஏறி கிண்டிக்குப் போவார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். பார்த்து, எடுத்துக்கொண்டு, மறுநாள் ஊர் திரும்புவார்கள். அந்தத் திரை இப்போது என் கடைக்கு வந்துவிட்டது.

கூடவே ஒரு கேள்வியும் வந்துவிட்டது. “அண்ணா, நான் 172. சிஎஸ் கிடைக்குமா?”

172 என்பது 200க்குப் போடும் கட்-ஆஃப் மார்க், சிஎஸ் என்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். என்னைக் கேட்கிறார்கள். நான் பி.காம்.

இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள். சொல்லத் தேவையான கணக்கு உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். குறை சொல்வது போல எங்காவது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் உங்கள் பள்ளிகளில் ஒன்றில் படித்தவன்தான்.

முதலில் அந்தக் கேள்வியே பாதி தப்பு. சிஎஸ் கிடைக்கும். கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற ஏஐசிடிஇ 2024இல் எடுத்துவிட்டது. அதற்கப்புறம் வசதியுள்ள கல்லூரிகள் மெக்கானிக்கலையும் சிவிலையும் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் பெருகிக்கொண்டே போகின்றன. சிஎஸ்இ, ஐடி, ஏஐ டிஎஸ், சைபர் செக்யூரிட்டி, சிஎஸ்பிஎஸ் என்று போர்டில் பெயர் மட்டும் நீள்கிறது. 100 கட்-ஆஃப் வைத்திருப்பவனுக்கும் எங்கோ ஒரு சிஎஸ் சீட் காத்திருக்கிறது. எந்தக் கல்லூரியில் என்பதுதான் விஷயம். ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியது 2024இல் வெளியே வந்ததே, அந்தச் செய்தியைப் படித்த பிறகும் ‘சிஎஸ் கிடைத்தால் போதும்’ என்று நினைத்தால் எப்படி? செமஸ்டருக்கு செமஸ்டர் எந்தக் கல்லூரியில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று அண்ணா பல்கலைக்கழகமே பட்டியல் போடுகிறது. அப்படி ஒன்று இருப்பது என் கடைக்கு வரும் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

அதைவிட அடிப்படையான ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையனைச் சொல்கிறேன். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அப்பாவோடு வந்தான். அப்பா கையில் லட்டு டப்பா. கம்ப்யூட்டர் சயின்ஸில் 98. வீட்டில் எல்லோரும் பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நான் கால்குலேட்டரைத் திறந்தேன். கணக்கு 71, அப்படியே 71. இயற்பியல் 68, பாதி 34. வேதியியல் 74, பாதி 37. மொத்தம் 142.

“கம்ப்யூட்டர் மார்க் எதிலே சேருதுண்ணா?”

எதிலும் சேராது தம்பி என்றேன். 200க்குப் போடும் கட்-ஆஃப்பில் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப்பில் முட்டிக்கொண்டால், கணக்கும் இயற்பியலும்கூடச் சமமாக இருந்தால்தான் நான்காவது பாடம் எட்டிப் பார்க்கும். 2025இல் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 9,536 பேர். கணக்கில் 3,022. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி பிளஸ் ஒன் வகுப்பறையில் ஒட்டியிருந்தால் அந்தப் பையன் இரண்டு வருஷமும் கணக்கு டியூஷனுக்கு ஒழுங்காகப் போயிருப்பான். அந்த லட்டு என் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, கட்-ஆஃப் போட்டாயிற்று. அப்புறம் என்ன செய்கிறார்கள்? போன வருஷப் பட்டியலைத் திறந்து ‘இந்தக் கல்லூரி சிஎஸ், எம்.பி.சி., 174இல் முடிந்திருக்கிறது, எனக்கு 175, கிடைத்துவிடும்’ என்கிறார்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மார்க்குக்கு என்று ஒரு விலை கிடையாது. வருஷா வருஷம் அது மாறும். 2024இல் வேதியியலில் சதம் அடித்தவர்கள் 471 பேர். அடுத்த வருஷம் 3,181. கேள்வித்தாள் கொஞ்சம் இளகினால் எல்லோரும் சேர்ந்து மேலே ஏறுகிறார்கள். 200க்கு 200 வாங்கியவர்கள் 2024இல் 65 பேர், 2025இல் 144. உச்சியிலேயே இப்படி என்றால் நடுவில் எவ்வளவு நெரிசல் என்று பாருங்கள். போன வருஷம் 175 வாங்கியவன் நின்ற இடத்தில் இந்த வருஷம் 175 நிற்காது. அதனால் மார்க்கை விட்டுவிட்டு ரேங்க்கைப் பார்க்க வேண்டும். போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், நம் ஒதுக்கீட்டு வகுப்புக்கான கடைசி இடத்தை எடுத்தவரின் ரேங்க் என்ன, இந்த வருஷம் நம் ரேங்க் என்ன? பொது ரேங்க் ஒன்று, வகுப்புவாரி ரேங்க் ஒன்று. இரண்டும் பிள்ளையின் பெயருக்கு நேரே வந்துவிடும். அந்தக் கல்லூரி இந்த வருஷம் இடத்தைக் கூட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இவ்வளவுதான் ‘அனாலிசிஸ்’. இதற்கு ஐயாயிரம் வாங்குகிறார்கள் ஊரில்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு குழி தனியாக இருக்கிறது, 2021ஆம் வருஷப் பட்டியல். கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மார்க்கெல்லாம் சேர்த்துக் கலக்கிப் போட்ட வருஷம் அது. வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டின்படி எம்.பி.சி.யைப் பிரித்துக் கலந்தாய்வு நடந்ததும் அந்த வருஷம்தான். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பழைய பட்டியல் இன்னும் இணையத்தில் கிடக்கிறது. குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பெண் அதை பிரின்ட் எடுத்து, மார்க்கரில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு போட்டுக் கொண்டுவந்தாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள் போல, கோடு அவ்வளவு நேர். அந்த வருஷக் கணக்கு உனக்கு உதவாதும்மா என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்தது விருப்பப் பட்டியல். இதில்தான் அதிகப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். கம்ப்யூட்டர் செய்கிற வேலை ரொம்ப எளிமையானது. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரிடமும் வரும். உன் பட்டியலில் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் காலியாக இருக்கிற இடத்தை உன் பெயரில் எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். ஆகவே எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அது இல்லையென்றால் அடுத்ததைப் படிக்கப்போகிறது. நம் பிள்ளைகள் இதைப் பேருந்து சீட் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். துண்டு போட்டு முதலில் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று பயம். ஒரு பையன் வீட்டுக்குப் பக்கத்தில் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய கல்லூரியை ஒன்றாம் நம்பரில் போட்டான். நான் ஜெராக்ஸில் இருந்தேன், பார்க்கவில்லை. லாக் செய்துவிட்டான். கேட்டதே கிடைத்தது. அவனுக்கு இருநூறு ரேங்க் பின்னால் இருந்த, அதே ஒதுக்கீட்டு வகுப்புப் பையனுக்கு, இவன் பட்டியலில் நான்காவதாகப் போட்டிருந்த நல்ல கல்லூரியில் ஐடி கிடைத்தது. ‘ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்’ என்று கொடுக்கலாமே என்றான். கிடைத்ததை வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பது காலியானால் மாறிக்கொள்கிற வசதி அது. எங்கே காத்திருப்பது? ஒன்றாம் நம்பர் கிடைத்தவனுக்கு மேலே நோக்க என்ன இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்தபடியே மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான், வெறும் திரையில்.

இன்னொரு தினுசு இருக்கிறது. ஒரு அம்மா பர்ஸிலிருந்து எட்டாக மடித்த காகிதத்தை எடுத்தார். கன்சல்டன்சிக்காரர் எழுதிக்கொடுத்த பட்டியல். பதினெட்டு விருப்பம், மூன்றே கல்லூரி. பாடப்பிரிவைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருந்தார். பெண்ணின் ரேங்க்குக்கு அதைவிட நல்ல கல்லூரிகள் இரண்டு பக்கத்துக்கு எழுதலாம். விண்ணப்பத்தில் இருந்த போன் நம்பரும் அவருடையது. ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். பெண் தன் சீட்டைத் தானே தொட முடியாது. ஒரு தலைக்கு இவ்வளவு என்று கல்லூரியிலிருந்து அவருக்குப் போய்ச் சேரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் ஒரு முறை ஆள் வந்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். (பெரிய தியாகமெல்லாம் இல்லை. அடுத்த தெருவிலேயே அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் இருக்கிறார்கள், நான் இங்கேதான் குடியிருந்தாக வேண்டும்.)

இதுவரை சொன்னது தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது, எல்லைக்கோடு.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, பெரியகங்கணாங்குப்பம் தாண்டினால் முள்ளோடை. அதற்கப்பால் கன்னியகோவில், கிருமாம்பாக்கம், பாகூர் எல்லாம் புதுச்சேரி. நமக்கு அது வேறு மாநிலமாகவே தோன்றாது. பெண் கொடுத்து பெண் எடுத்த ஊர். தாத்தா வீடு அங்கே, அப்பா வேலை இங்கே. பிள்ளை எந்தப் பக்கம் பஸ் வசதியோ அந்தப் பக்கம் படிக்கும். ஆனால் கலந்தாய்வு விண்ணப்பம் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாய் என்று கேட்கும்போதுதான் அந்தக் கோடு தடித்துத் தெரியும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் 2021இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். ஒரு கூலிக் குடும்பத்துக்கு அது நாலு வருஷ வாழ்க்கை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என் கடைக்கு வந்த ஒரு பெண் ஏழு வருஷமும் அரசுப் பள்ளிதான். ஆனால் ஆறும் ஏழும் அம்மாச்சி வீட்டிலிருந்து, புதுச்சேரிப் பக்கத்து அரசுப் பள்ளியில். அரசுப் பள்ளிதானே சார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார் அவள் அப்பா. அரசுப் பள்ளிதான், வேறு அரசு. அவள் எட்டாம் வகுப்பில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது டி.சி.யை வாங்கி வைத்த கையால் யாராவது இதைச் சொல்லியிருந்தாலும் அப்போதே காலம் கடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்து, அந்த ஒதுக்கீட்டை நம்பிக் கல்லூரியெல்லாம் பேசி முடித்த பிறகு என் கடையில் தெரிந்திருக்க வேண்டாம். ஐந்து வருஷம் பணம் சேர்த்து வைக்கவாவது நேரம் கிடைத்திருக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்து அந்தப் பக்கம் போகிற பிள்ளையின் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்வது யார் வேலை என்று எனக்குத் தெரியவில்லை. டி.சி. எழுதுகிறவர் சொல்லலாம்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. கடலூர்க்காரராகவே இருந்தாலும் மேல்நிலையை அந்தப் பக்கம் படித்தவர்களுக்கு வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகச் சேர நினைத்தால் அங்கே ஐந்து வருஷம் குடியிருந்ததற்கான சான்றிதழ் கேட்பார்கள். பிள்ளைச்சாவடியில் இருக்கிற பழைய பொறியியல் கல்லூரி, 1984இல் தொடங்கி 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானதே, அதில் சிஎஸ் கனவு காணாத பிள்ளை இந்தப் பக்கமும் கிடையாது. காணலாம், ஆனால் எந்த ஒதுக்கீட்டில் என்று தெரிந்துகொண்டு காண வேண்டும்.

கோடு எப்போதும் கெடுதலே செய்யும் என்றும் இல்லை. காரைக்காலில் என்.ஐ.டி. புதுச்சேரி 2010இலிருந்து இருக்கிறது. என்.ஐ.டி.க்களில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. அங்கே ‘மாநிலம்’ என்றால் ரேஷன் கார்டு அல்ல, பிளஸ் டூ எங்கே தேர்ச்சி பெற்றாய் என்பதுதான். பாகூரில் பிளஸ் டூ முடித்த கடலூர்ப் பையன் காரைக்காலில் உள்ளூர்க்காரன், திருச்சி என்.ஐ.டி.யில் வெளியூர்க்காரன். மஞ்சக்குப்பத்தில் முடித்த புதுச்சேரிப் பெண்ணுக்கு இதுவே தலைகீழ். சின்ன யூனியன் பிரதேசம், போட்டிக்கு நிற்கிறவர்களும் குறைவு. என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதும் சேர்த்து, இதைப் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு கெட்டிக்காரப் பிள்ளையிடம் சொன்னால் அது எந்தப் பக்கம் பிளஸ் ஒன் சேரலாம் என்று யோசிக்கும். பிளஸ் டூ முடித்த பிறகு சொன்னால் பெருமூச்சு விடும்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறுகிறது. முதல் மூன்று இடம், சதம் அடித்தவர்கள், போட்டோ. வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். ஆனால் 590 வாங்கிய பெண்ணுக்கு எங்கே சேரலாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 410 வாங்கியவனுக்குத்தான் சொல்ல வேண்டும். அவனை மாதிரி போன வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எங்கே சேர்ந்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்று அரசு நடத்துகிற நிகழ்ச்சிகளில் நல்ல விஷயம்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பெரிய மண்டபத்தில் மைக் பிடித்து ‘சார், எனக்கு 138, வன்னியர், அப்பா இல்லை’ என்று கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் பேப்பர் போதும். போன வருஷம் உங்கள் பள்ளியிலிருந்து பொறியியலுக்குப் போன அத்தனை பேரும் அதில் வர வேண்டும். பெயர் வேண்டாம். கட்-ஆஃப், பொது ரேங்க், வகுப்பு, வகுப்பு ரேங்க், எத்தனையாவது ரவுண்டு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, 7.5இல் போனாரா, முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்ததா. ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. கணக்கு வாத்தியார் ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து போன் போட்டுக் கேட்டால் முடிகிற வேலை. பழைய மாணவர்கள் ஆசிரியர் கேட்டால் சொல்வார்கள், கன்சல்டன்சிக்குத்தான் பொய் சொல்வார்கள். இரண்டு வருஷம் சேர்ந்தால் உங்கள் பள்ளிப் பிள்ளைக்கு அதைவிட நம்பகமான கணிப்பு எந்த ஆப்பிலும் கிடைக்காது. கெட்ட வரிகளையும் எழுதுங்கள். டொனேஷன் கொடுத்துச் சேர்ந்தது, ஒரே வருஷத்தில் நின்றது, ஒன்றாம் நம்பரில் பயந்து எழுதி மாட்டிக்கொண்டது. அவைதான் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும்.

தேர்ச்சி சதவீதத்துக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருப்பதும், எழுத்தர் பணியிடம் காலியாக இருப்பதும், பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றவே நேரம் போதவில்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் ஆட்களே என் கடைக்கு வந்துதான் ஏற்றுகிறார்கள்.

தொடங்குவதற்குக் கையில் ஒன்றுமில்லையே என்று நினைத்தால், என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. 2018இலிருந்து என் கடையில் விருப்பப் பட்டியல் போட்ட பிள்ளைகளின் வரிகளைச் சொந்த உபயோகத்துக்காக எழுதி வந்திருக்கிறேன். அறுநூறு வரிக்கு மேல் இருக்கும். ‘எம்.பி.சி., 168.5, இரண்டாம் ரவுண்டு, ஐடி’ என்பது மாதிரி. 2021க்கு மட்டும் பக்கத்தின் மேல் சிவப்பில் ‘நம்பாதே’ என்று எழுதியிருக்கிறேன். லட்டு கொண்டுவந்த பையனும் இருக்கிறான், 142, மூன்றாம் ரவுண்டு. நோட்டின் அட்டை பிய்ந்துவிட்டது, எழுத்தும் என் எழுத்து, புரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். யாரையாவது அனுப்புங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கடை இல்லை.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்து நெட் சென்டர்க்காரன்